பாட்டில் வரும் 'நீ' யார்? டெய்லர் ஸ்விஃப்ட் அட்டவணையின் கடைசிக் கட்டம் பற்றி

மருதன்:
டெய்லர் ஸ்விஃப்ட் பாடல்களுக்கு நாம் சேர்ந்து போட்டுவரும் அட்டவணையில் பாட்டு, ஆல்பம், வெளியான நாள், எழுதியவர்கள், தயாரிப்பாளர் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடைசிக் கட்டத்துக்கு "யாரைப் பற்றியது" என்று தலைப்பு வைத்திருக்கிறோம். அது மளமளவென்று நிரம்பிவிட்டது, ஆனால் நிரப்பியதில் பெரும்பகுதி பத்திரிகைக் கிசுகிசு. ஒரே பாட்டுக்கு மூன்று பேர் பெயர் போட்டிருக்கும் வரிசைகூட உண்டு. அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

வைகைவாசி:
எடுக்கக் கூடாது மருதன் அண்ணே. இது ரசிகர்கள் தாங்களாகக் கிளப்பிய பழக்கம் இல்லை, பாடகியே கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்த பழக்கம். 2006 முதல் ஆல்பத்திலிருந்து 2014 ஆல்பம் வரைக்கும் சிடி உறைக்குள் வரும் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வரிகள் சிறிய எழுத்தில் ஓடும். நடுநடுவே காரணமே இல்லாமல் ஒரு பெரிய எழுத்து நிற்கும். அந்தப் பெரிய எழுத்துகளை வரிசையாகக் கூட்டினால் ஒரு செய்தி வரும். 2010ல் வந்த "பேக் டு டிசம்பர்" பக்கத்தில் கூட்டினால் டி, ஏ, ஒய். நடிகர் டெய்லர் லாட்னரின் சுருக்கப் பெயர் என்று அன்றே எல்லோரும் சொன்னார்கள். 2016ல் ஒரு நேரலையில் லாட்னரே அந்தப் பாட்டு தன்னைப் பற்றியதுதான் என்று ஒப்புக்கொண்டார். எழுத்து, ஆள், காலம் மூன்றும் ஒத்துப்போகும்போது கட்டத்தை ஏன் காலியாக விட வேண்டும்?

செங்கமலம்:
வைகைவாசி சொல்வது சரிதான், ஆனால் அந்தப் பெரிய எழுத்துகள் எல்லாப் பாட்டிலும் பெயரைத் தருவதில்லை. 2012 ஆல்பத்தில் "ஆல் டூ வெல்" பக்கத்தில் கூட்டினால் வருவது "மேப்பிள் லாட்டே". ஒரு பானம், அவ்வளவுதான். அது இலையுதிர் காலத்தை, ஒரு ஊரின் சூழலைக் காட்டுகிறது. ஆளைக் காட்டவில்லை. 2014 ஆல்பத்தில் எல்லாப் பாட்டின் செய்திகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு பெண்ணைப் பற்றிய சின்னக் கதை வருகிறது. அதிலும் பெயர் கிடையாது. ஆக, அந்த எழுத்துகளின் வேலையே வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது.

2017ல் "ரெப்யூட்டேஷன்" வந்தபோது அந்த வழக்கமே நின்றது. அந்த ஆல்பத்தோடு வந்த முன்னுரையில், கிசுகிசுத் தளங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஆணைத் தேடப் போகின்றன, பாட்டு பிறப்பதை ஏதோ தந்தை யார் என்று பார்க்கும் மருத்துவச் சோதனை மாதிரி நினைக்கிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். 2014 வரை கொடுத்த சாவியை எடுத்துக்கொண்டு போய் 2017க்குப் பின் வந்த பூட்டில் நுழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

பொன்னி:
அட்டவணையில் எனக்கு முக்கியம் "எழுதியவர்கள்" கட்டம்தான். ஒரு பாட்டு யாரைப் பற்றியது என்று கேட்பதற்கு முன்னால் அதை யார் யார் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு "ஃபோக்லோர்" ஒன்றே போதும்.

2020 ஜூலை 24ல் ஆல்பம் வந்தது. "எக்ஸைல்", "பெட்டி" இரண்டிலும் வில்லியம் பவுரி என்று ஒரு பெயர். அந்தப் பெயரில் அதற்கு முன் யாரும் பாட்டு எழுதியதாகத் தெரியவில்லை. ரசிகர்கள் அப்போது செய்தது நல்ல வேலை. அவருடைய காதலர் என்று சொல்லப்பட்ட நடிகர் ஜோ ஆல்வினின் கொள்ளுத்தாத்தா வில்லியம் ஆல்வின் ஒரு இசையமைப்பாளர், பவுரி என்பது நியூயார்க்கில் ஒரு தெரு, அங்கே அந்தப் பெயரில் ஒரு ஹோட்டலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஆல்வின்தான் என்று கணித்தார்கள். அதே வருடம் நவம்பரில் வந்த ஸ்டூடியோ ஆவணப்படத்தில் ஸ்விஃப்ட் அதை உறுதிசெய்தார். கணிப்பு பலித்ததற்குக் காரணம், அது பாட்டுவரியிலிருந்து கிளம்பவில்லை, அச்சிட்ட பெயரிலிருந்து கிளம்பியது.

இப்போது அந்த இரண்டு பாட்டும், அடுத்து டிசம்பர் 11ல் வந்த "எவர்மோர்" ஆல்பத்தில் பவுரி பெயர் உள்ள மூன்று பாட்டும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். "எக்ஸைல்" பிரிந்துபோன இருவர் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் மாறிமாறிப் பேசுவது. "ஷாம்பெய்ன் ப்ராப்ளம்ஸ்" ஒரு பெண் கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் போவது. "கோனி ஐலண்ட்" கைவிட்டுப் போன உறவை நினைத்து வருந்துவது. "எவர்மோர்" நீண்ட மனச்சோர்வு. எல்லாம் சோகப் பாட்டு. எல்லாவற்றையும் காதலனோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். "எக்ஸைல்" பியானோவும் முதல் பத்தியும் ஆல்வின் கொண்டுவந்தவை. "பெட்டி"யின் பல்லவியை அவர் பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் பாட்டே பிறந்தது. எங்கள் இருவருக்கும் சோகப் பாட்டு பிடிக்கும் என்று ஸ்விஃப்ட் அந்த டிசம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார்.

2023 ஏப்ரலில் அவர்கள் பிரிந்த செய்தி வந்ததும் இதே பாட்டுகளைத் திரும்ப எடுத்து, "பாருங்கள், அப்போதே எழுதிவைத்திருக்கிறார்" என்றார்கள். பிரிவைப் பற்றிய பாட்டு இருந்தால் பிரிவு இருந்திருக்கும் என்ற கணக்கு இந்த ஐந்து பாட்டிலேயே உடைந்துவிட்டது.

மருதன்:
"பெட்டி"யில் வரும் பெயர்கள் பற்றியும் எழுதுங்கள் பொன்னி அக்கா. அதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பொன்னி:
ஆமாம். "கார்டிகன்", "ஆகஸ்ட்", "பெட்டி" மூன்றும் ஒரே பள்ளிப்பருவக் காதல் முக்கோணத்தை மூன்று பேர் வாயிலாகச் சொல்லும் பாட்டுகள். கற்பனைப் பாத்திரங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். ஜேம்ஸ், ஐனெஸ், பெட்டி என்ற பெயர்கள் அவருடைய தோழி பிளேக் லைவ்லி, ரயன் ரெனால்ட்ஸ் தம்பதியின் குழந்தைகளின் பெயர்கள். ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, பாட்டில் அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்பது இன்னொன்று. குழந்தைகளின் பெயரை எடுத்துப் பதினேழு வயதுப் பாத்திரங்களுக்கு வைத்திருக்கிறார், அவ்வளவே.

வைகைவாசி:
அக்கா, இதற்குப் பதில் சொல்லுங்கள். 2023 மார்ச் 17ல் ஈராஸ் சுற்றுப்பயணம் தொடங்கியபோது "ஃபோக்லோர்" பகுதியில் "இன்விசிபிள் ஸ்ட்ரிங்" பாடினார். விதி சேர்த்துவைத்த காதலைப் பற்றிய நிம்மதியான பாட்டு. மார்ச் 31, ஆர்லிங்டனில் அதை எடுத்துவிட்டு "தி 1" பாடினார். அது கைகூடாமல் போனதை நினைக்கும் பாட்டு. அன்றைக்கே ரசிகர்கள் ஏதோ நடந்திருக்கிறது என்றார்கள். ஏப்ரல் 8ல் பிரிவுச் செய்தி. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

பொன்னி:
தள்ளவே வேண்டாம் தம்பி. நல்ல கவனிப்பு. ஆனால் அது எதைப் பற்றிய கவனிப்பு என்று பாருங்கள். 2023ல் ஒருவர் மேடையில் எதைப் பாட விரும்பினார், எதை விரும்பவில்லை என்பதைப் பற்றியது. இரண்டு பாட்டும் 2020ல் ஒரே ஆல்பத்தில், ஒரே காலத்தில் வந்தவை. நிம்மதியான பாட்டையும் கைகூடாத பாட்டையும் அடுத்தடுத்து எழுதியவர் அன்று ஒரே வீட்டில் ஒரே ஆளோடு இருந்தார். மேடைப் பட்டியலுக்கு வேண்டுமானால் தனி அட்டவணை போடுவோம். பாட்டின் வரிசையில் அதைக் கொண்டுவந்து சேர்த்தால் மூன்று வருடம் கழித்து நடந்ததைக் காரணமாக எழுதியதாகிவிடும்.

ஏழிசை:
இசைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எல்லோரும் எடுத்துக்காட்டும் "ஆல் டூ வெல்" பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

2011 தொடக்கத்தில் ஸ்பீக் நவ் சுற்றுப்பயண ஒத்திகை. ஸ்விஃப்ட் ஒரே நான்கு கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை) திரும்பத் திரும்ப வாசிக்கிறார். வெளிவந்த பாட்டில் அவை சி, ஜி, ஏ மைனர், எஃப். இசைக்குழு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, மனதில் தோன்றியதை எல்லாம் பாடிக்கொண்டே போகிறார். ஒலிப்பதிவுக்காரர் அதைப் பதிந்துவைக்கிறார். பிறகு பாடலாசிரியர் லிஸ் ரோஸைக் கூப்பிட்டு, நீண்டு கிடந்ததை வெட்டிச் சீராக்கி 2012ல் ஐந்தரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான பாட்டாக்குகிறார்கள். 2021 நவம்பர் 12ல் பத்து நிமிடம் 13 விநாடி வடிவம் வந்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1972ல் டான் மக்லீன் எட்டரை நிமிடப் பாட்டோடு முதலிடம் பிடித்ததிலிருந்து இருந்த நீளச் சாதனை அதோடு போயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது வெட்டு. நான்கு கார்டுகள் மாறாமல் சுழலும் பாட்டில் ஏற்ற இறக்கத்தை இசை தராது, குரலும் வரியும்தான் தர வேண்டும். அதனால் லிஸ் ரோஸோடு உட்கார்ந்தபோது எந்த வரி பாட்டை மேலே ஏற்றுகிறதோ அது நின்றது, மற்றது போயிற்று. ஒரு வரி இருப்பதும் இல்லாததும் உண்மை பொய் பார்த்து முடிவானதல்ல, உச்சக் கட்டத்தை எங்கே வைப்பது என்று பார்த்து முடிவானது. பத்து நிமிட வடிவத்தைச் சாட்சி வாக்குமூலம் மாதிரி வரிவரியாக வாசிப்பவர்கள் இந்த ஒத்திகை அறையை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் அந்தக் கழுத்துத்துணி. காதலனின் அக்கா வீட்டில் விட்டுவந்த துணி, அவன் இன்னும் இழுப்பறையில் வைத்திருக்கிறான் என்று வருமே, அதைத் தேடிப் பழைய தெருப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்காத ரசிகர் இல்லை. 2022 செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் கேட்டபோது ஸ்விஃப்ட் சொன்ன பதில், அது ஓர் உருவகம், "ரெட்" என்ற அந்த ஆல்பத்துக்குச் சிவப்பு முக்கியம் என்பதால் பாட்டுக்காக எடுத்த குறும்படத்தில் அதைச் சிவப்பாக்கினோம் என்பது. ஒரு பொருளுக்கு நிறம் எங்கிருந்து வந்தது என்று இதைவிடத் தெளிவாக ஒரு பாடலாசிரியர் சொல்ல முடியாது.

வைகைவாசி:
ஏழிசை ஐயா, அதே பத்து நிமிட வடிவத்தில் 21ஆம் பிறந்தநாள் வருகிறதே. அவர் பிறந்தது 1989 டிசம்பர் 13. 21 முடிந்தது 2010 டிசம்பர் 13. இதைவிடத் துல்லியமான தேதி வேண்டுமா?

ஏழிசை:
வேண்டாம், அது நல்ல வரி. தேதி போடக்கூடிய வரி என்று தனியாகக் குறித்துவையுங்கள். அது பாட்டின் காலத்தைத் தருகிறது. ஆளின் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை. காலத்தைப் போடுவோம், பெயரைப் போட வேண்டாம்.

நெய்தல்:
நமக்கு இந்தச் சண்டை புதிதில்லை. "மக்கள் நுதலிய அகனைந்திணையும் சுட்டி யொருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்று தொல்காப்பியம் அகப்பாட்டில் பெயர் சொல்லக் கூடாது என்றே வைத்திருக்கிறது. தலைவன், தலைவி, தோழி என்று நின்றால்தான் அது எல்லோருடைய காதலாகவும் இருக்கும். நெடுநல்வாடை 188 அடியும் பிரிவைத்தான் பாடுகிறது, யார் பெயரும் இல்லை. ஆனால் பாசறையில் ஒரு வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது என்று ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியன் பூ. அந்த ஒரு தழையைப் பிடித்துக்கொண்டு, இது சுட்டி ஒருவர் பெயர் கொண்டதாகிறது, ஆகவே புறம் என்றார் நச்சினார்க்கினியர். அதை இன்னும் அகமாகவே வாசிப்பவர்களும் உண்டு.

ஸ்விஃப்ட் பாட்டில் அந்தக் கழுத்துத்துணி நம் வேப்பந்தழை. அதைப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்த நிமிடத்தில் பாட்டு அவர்கள் இருவரின் விவகாரமாகிவிடுகிறது. கேட்பவருக்கு அதில் இருந்த இடம் போய்விடுகிறது.

மருதன்:
அருமை நெய்தல். இதை அட்டவணையின் முகப்பில் போடலாம்.

அமெரிக்கப் பாடகி கார்லி சைமன் பாட்டைப் பற்றியும் யாராவது எழுதினால் நல்லது. பெயர் தேடும் வேலை பாப் இசையில் அங்கேதான் உச்சத்துக்குப் போனது.

செங்கமலம்:
"யூ ஆர் சோ வெய்ன்", 1972 நவம்பரில் வெளியீடு, 1973 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். தற்பெருமை பிடித்த ஒரு பழைய காதலனைக் குத்தும் பாட்டு. மிக் ஜாகர், டேவிட் போவி, கேட் ஸ்டீவன்ஸ் என்ற பாடகர்கள், நடிகர் வாரன் பீட்டி என்று பட்டியல் நீண்டது. மிக் ஜாகர் பெயர் போடாமல் பின்குரலில் பாடியிருக்கிறார், அதனால் அவர்தான் என்று ஒரு கூட்டம். 2003ல் ஒரு தர்ம ஏலத்தில், அந்தப் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு கேட்டுத் தெரிந்துகொள்ள என்பிசி தொலைக்காட்சி அதிகாரி டிக் எபர்சால் 50,000 டாலர் கொடுத்தார்.

2015ல் சைமனே சொன்னார்: இரண்டாவது பத்தி மட்டும் வாரன் பீட்டி, மற்ற இரண்டு பத்தியும் வேறு இரண்டு பேர். ஒரு ஆளைத் தேடி நாற்பது வருடத்துக்கு மேல் அலைந்தார்கள், பாட்டில் இருந்தது மூன்று பேர். எல்லாப் பத்தியிலும் "நீ" என்று ஒரே சொல் வருவதால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இன்னும் இரண்டு விஷயம். மூன்றாம் பத்தியில் நோவா ஸ்கோஷியாவுக்கு முழு சூரிய கிரகணம் பார்க்கப் போனதாக வருகிறது. வானியலே சாட்சி என்று நினைப்போம். ஆனால் நோவா ஸ்கோஷியாவின் மேல் 1970 மார்ச் 7லும் முழு கிரகணம், 1972 ஜூலை 10லும் முழு கிரகணம். அதுவும் பீட்டிக்கு உரிய பத்தி அல்ல. இரண்டாவது, எல்லோரும் ஆளைத் தேடிய அந்தக் காப்பியில் மேகம் என்ற வரி எந்தக் காதலனிடமிருந்தும் வரவில்லை. விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியானோ கலைஞர் பில்லி மெர்னிட், சன்னலுக்கு வெளியே தெரிந்த மேகம் சைமனின் காப்பியில் பிரதிபலிப்பதைப் பார்த்துச் சொன்னது. பாட்டின் மிக அழகான படிமம், காதலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நண்பர் தந்தது.

கார்முகில்:
வணக்கம். 2024 "டார்ச்சர்ட் போயட்ஸ்" ஆல்பத்தின் 31 பாட்டுக்கும் வரிசை போட நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஒழுங்கில் பார்ப்பது?

பொன்னி:
வாங்க கார்முகில். முதலில் எழுதியவர்கள். ஸ்விஃப்ட் மட்டும் எழுதியதா, தயாரிப்பாளர்கள் ஜாக் ஆன்டனாஃப் அல்லது ஆரன் டெஸ்னரோடா என்று பிரியுங்கள். டெஸ்னர் பெரும்பாலும் இசைத்தடத்தை முதலில் அனுப்புவார், அதற்கு மேல் வரி எழுதப்படும். அப்படியானால் பாட்டின் மனநிலையில் பாதியை இசைதான் தீர்மானித்திருக்கும். துயரமான பியானோ வந்தால் துயரமான வரி வரும்.

அடுத்து காலம். வெளியான நாளை எழுதிய நாளாக எடுக்காதீர்கள். இந்த ஆல்பத்தில் சுமார் இரண்டு வருடம் வேலை செய்ததாக அவரே மேடையில் சொன்னார். ஆக 2022 முதல் 2024 வரை எங்கும் இருக்கலாம். வெளியாகும் முன் எல்லோரும் முழு ஆல்பமும் ஆல்வினைப் பற்றி என்றார்கள். வெளியான அன்று காலையிலேயே பாதிப்பேர் "தி 1975" என்ற இசைக்குழுவின் பாடகர் மேட்டி ஹீலி பக்கம் தாவினார்கள். ஒரே வரிகளை வைத்து இரண்டு விதமாகவும் சாதிக்க முடிந்தது என்றால் அந்த வரிகள் எந்த ஆளையும் நிரூபிக்கவில்லை என்று பொருள்.

பிறகு வரிகளில் இடம், பொருள், வயது வந்தால் தனியே குறியுங்கள். உருவகத்தைக் குறிக்காதீர்கள். கடல், தீ, பேய், கத்தி எல்லாம் எந்தக் காதலுக்கும் பொருந்தும். பத்து வரியில் பொருந்தும் இரண்டை எடுத்து, பொருந்தாத எட்டை விடுவதுதான் நடக்கும் முக்கியமான தவறு. பொருந்தாத வரியையும் எழுதிவையுங்கள்.

பழைய ஆல்பங்களை அவர் மீண்டும் பாடிப் பதிந்த மறுபதிவு ஆல்பங்களில் "வால்ட்" (அன்று வெளியிடாமல் வைத்திருந்தது) என்று வரும் பாட்டுகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். அவை வெளியான வருடம் 2021, 2023 என்றிருக்கும், எழுதியது மூல ஆல்பத்தின் காலத்தில். வெளியான வருடத்தில் யாரோடு இருந்தார் என்று பார்த்துப் பெயர் போட்டால் பத்து வருடம் தள்ளிப்போகும்.

கார்முகில்:
நன்றி அக்கா. இப்படியே செய்கிறேன்.

வைகைவாசி:
நான் கொஞ்சம் இறங்கிவருகிறேன். "டியர் ஜான்" பாட்டின் தலைப்பிலேயே பெயர் இருக்கிறது, அதில் 19 வயதும் வருகிறது. பாடகர் ஜான் மேயர் 2012ல் ஒரு பேட்டியில் தனக்கு அவமானமாக இருந்தது என்றார். அது தன்னைப் பற்றியது என்று அவர் நினைத்துக்கொள்வது மிகை என்று ஸ்விஃப்ட் அதே வருடம் பதில் சொன்னார். 2023 ஜூன் 24, மினியாபொலிஸ் மேடையில் அந்தப் பாட்டைப் பல வருடம் கழித்துப் பாடும் முன், யாரைப் பற்றி எழுதியிருப்பேன் என்று நினைத்து இணையத்தில் எவரையும் தாக்காதீர்கள், 19 வயதில் நடந்ததில் நான் எழுதிய பாட்டுகள் தவிர எதுவும் எனக்கு முக்கியமில்லை என்று கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்ட பிறகும் நம் அட்டவணையில் ஒரு மனிதரின் பெயர் தடித்த எழுத்தில் நிற்பது சரியில்லை. அதை நானே எடுத்துவிட்டேன்.

ஆனால் லாட்னர் வரிசை இருக்க வேண்டும். அது கிசுகிசு இல்லை, சம்பந்தப்பட்டவரே சொன்னது.

மருதன்:
இருக்கட்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பை "சம்பந்தப்பட்டவரே சொன்னது" என்று மாற்றிவிட்டேன். சொல்லாதது காலியாக இருக்கும். இன்று முடித்த வரிசைகள் இவை, சரிபாருங்கள்:

"யூ பிலாங் வித் மீ", 2008. ஸ்விஃப்ட், லிஸ் ரோஸ். ஒரு நண்பர் தன் காதலியோடு போனில் சண்டை போட்டதைக் காதில் வாங்கியதிலிருந்து பிறந்தது என்று ஸ்விஃப்ட் சொல்லியிருக்கிறார். பாட்டில் ஏங்கும் பெண் கற்பனை.

"ஆல் டூ வெல்", 2012, 2021. ஸ்விஃப்ட், லிஸ் ரோஸ். தேதி போடக்கூடிய வரி ஒன்று. பெயர் இல்லை.

"டெத் பை எ தவுசண்ட் கட்ஸ்", 2019. இதற்கு என்ன போடுவது? ஆல்வினோடு நன்றாக இருந்த காலத்தில் வந்த பிரிவுப் பாட்டு.

செங்கமலம்:
இதற்கு ஆள் இல்லை, படம் இருக்கிறது. அந்த வருடம் ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்த "சம்ஒன் கிரேட்" படத்தைப் பார்த்துவிட்டு எழுதியதாக ஸ்விஃப்ட் சொன்னார். அந்தப் படத்தை எழுதி இயக்கிய ஜெனிஃபர் கேட்டின் ராபின்சன், தன் பிரிவின்போது ஸ்விஃப்டின் 2014 ஆல்பத்தில் உள்ள "கிளீன்" பாட்டைக் கேட்டுத்தான் படத்தை எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். கட்டத்தில் படத்தின் பெயரைப் போட்டு, "கிளீன்" வரிசைக்கு ஒரு இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.

மருதன்:
போட்டாயிற்று. "கிளீன்" வரிசையில் சேர்ந்து எழுதிய இமோஜென் ஹீப் பெயர் விடுபட்டிருந்தது, அதையும் சேர்த்துவிட்டேன்.